ஆகஸ்ட் விடுமுறை முடியும்போது: மலையக டீச்சரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு டீச்சர். பிறந்து வளர்ந்தது ஹட்டன் பக்கம். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் விடுமுறை முடிந்து மூன்றாம் தவணைக்கு மூட்டை கட்டும் நேரத்தில் கொழும்புச் சொந்தக்காரர்கள், கல்வியியல் கல்லூரி முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் தங்கச்சிமார், தமிழ்நாட்டில் இருந்து சுற்றிப்பார்க்க வந்து பழக்கமானவர்கள் என்று எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வொய்ஸ் அனுப்பித் தொண்டை போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே.

உங்க ஊர்ல கோடைன்னு ஒண்ணு இருக்கா? எப்பவும் குளிர்தானே?

இருக்கிறது, ஆனால் ஏப்ரல், மே என்று தமிழ்நாட்டில் காயும் அந்தக் கோடை இல்லை. மலையகம் முழுக்க ஒரே மலை, ஒரே குளிர் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. மே மாதக் கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நடு மலையைத் தாண்டிக் கிழக்கே எங்கள் ஊவா மாகாணப் பக்கம் இறங்கும்போது வெறும் வறண்ட காற்றாகத்தான் வரும். கச்சான் காற்று அதுதான். ஹட்டனில் அம்மா அடுப்புக்கு மேலே துணி காயப்போடும் அதே ஜூலை, ஆகஸ்டில் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் மானாப்புல் கருகி, பாதையில் புழுதி பறக்கும். சில நாள் எதிர் மலையில் புல் பற்றி எரிவதும் தெரியும்.

கண்ணால் பார்க்க ஆசை என்றால் ஆகஸ்டில் கோச்சியில், அதாவது ரயிலில், வாருங்கள். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில், 6226 அடி என்று பலகை நட்டிருக்கும் உச்சியை ஒட்டி ஒரு சுரங்கம் இருக்கிறது. மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போவோம், வெளியே வந்தால் வெயில். எல்லா நாளும் அப்படி நடக்காது. நடக்கும் நாளில், முதல் தடவை பார்ப்பவர்கள் கத்தியே விடுவார்கள்.

அப்ப கோடை எப்ப முடியுது? திகதி ஏதும் இருக்கா?

திகதி எல்லாம் இல்லை. செப்டம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ ஒரு நாள் பின்னேரம் இடி இடித்து மழை பிடிக்கும், அதோடு சரி. பிறகு வருடக் கடைசி வரை ஊவாவுக்கு மழைக்காலம். பகல் குறுகிக்கொண்டு வருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது, நம் நாட்டில் வருடத்தின் நீளமான பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது.

எனக்கு அடையாளம் பிள்ளைகளின் சட்டைதான். கச்சான் வீசிக்கொண்டிருக்கும்வரை வெள்ளைச் சட்டை கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்து மொறமொறவென்று நிற்கும். கொப்பி திருத்தும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் சட்டையில் அடுப்புப் புகை வாசம் வர ஆரம்பித்தால், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், துணி உள்ளே காய்கிறது, கோடை போய்விட்டது.

ஒரு மாசம் லீவு, அதுவும் சம்பளத்தோட. டீச்சர் வேலைன்னா சும்மாவா?

இது கொழும்பு மாமாவின் கேள்வி, வருடம் தவறாமல் வரும். லீவு நல்ல லீவுதான் மாமா, அதை ஏன் மறைக்க வேண்டும். ஆனால் முதல் நாட்கள் இரண்டாம் தவணை வினாத்தாள் திருத்துவதிலும் புள்ளி அட்டை எழுதுவதிலும் போய்விடும், நடுவில் வலயக் கல்விப் பணிமனை ஒரு பயிற்சி வகுப்புக்குக் கூப்பிடும், கடைசி நாட்களில் மூன்றாம் தவணைக்குப் பாடக்குறிப்பு எழுத உட்கார வேண்டும். மிச்சம் இருப்பது என்னுடையது. அந்த மிச்சத்தில் பெரிய திட்டம் எதுவும் கிடையாது. காலையில் இருட்டோடு எழும்பிச் சேலை கட்டத் தேவையில்லை என்பதே பாதி சந்தோஷம். மற்றப் பாதியை அம்மா கெடுத்துவிடுவார், ஆறு மணிக்கே "இன்னும் படுத்திருக்கியா" என்று சாயத்தண்ணியோடு (பால் இல்லாத தேத்தண்ணி) வந்து நிற்பார்.

தரம் அஞ்சு எடுத்தா லீவே இல்லையாமே, உண்மையா டீச்சர்?

பரீட்சை எப்போது என்பதைப் பொறுத்தது. தரம் ஐந்துப் பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை 2023இல் ஒக்டோபர் 15, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் ஆகஸ்ட் 10 என்று நகர்ந்துகொண்டே இருந்தது. ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிட்டால் தரம் ஐந்து டீச்சருக்கு மிச்ச ஆகஸ்ட் பெரிய நிம்மதி. பரீட்சை விடுமுறைக்கு அந்தப் பக்கம் விழுந்தால் பெற்றோரே வந்து "மேலதிக வகுப்பு வைங்க டீச்சர்" என்று கேட்பார்கள், மறுக்க மனம் வராது. ஒரு பிள்ளை சித்தியடைந்து நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போய்விட்டால் அந்தக் குடும்பம் இருக்கும் லயம் முழுக்க அதைத்தான் பேசும்.

என் கருத்தைக் கேட்டால், பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தப் பரீட்சை ரொம்ப அதிகம். விடுமுறையில் வகுப்பு வைத்தாலும் மத்தியானத்தோடு விட்டுவிடுவேன். பட்டம் விடும் காலம் அது.

ஹட்டன்ல இருந்து பஸ்ல போவீங்களா, கோச்சியிலயா?

பாதை திறந்திருந்தால் கோச்சிதான். மண்சரிவு என்று பாதையை மூடிவிட்டால் வேறு வழியில்லாமல் பஸ்ஸில் மாறி மாறிப் போவேன். அரசாங்க வேலை என்பதால் வொரண்ட் (இலவச ரயில் பயண அனுமதி) இருக்கிறது, ஆனாலும் ஆகஸ்ட் கடைசியில் வெள்ளைக்காரரும் உள்ளூர் சுற்றுலாக்காரரும் வாசலில் தொங்கி செல்ஃபி எடுக்கும் கூட்டத்துக்குள் இருக்கை கிடைப்பது சந்தேகம். நின்றுகொண்டு போனாலும் பரவாயில்லை. நானுஓயாவில் வடை ஏறும், ஒஹிய தாண்டினால் குளிர் காற்று முகத்தில் அடிக்கும், இதல்கசின்னவில் பாதையின் இரண்டு பக்கமும் நிலம் கீழே இறங்கிப் போகும். என் மடியிலோ தலைக்கு மேலோ அம்மா கட்டிக் கொடுத்த மூட்டை இருக்கும், அதற்குள் மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும்.

வருடத்தில் எனக்குப் பிடித்த பயணம் இது. கடற்கரைக்குப் போகும் பயணம்கூட இரண்டாவதுதான்.

லீவு முடிஞ்சு முதல் நாள் ஸ்கூல்ல என்ன நடக்கும்? படிப்பு நடக்குமா?

முதல் இரண்டு பாடவேளை துடைப்பமும் வாளியும்தான். கச்சான் காற்று விடுமுறை முழுக்க ஜன்னல் இடுக்கால் செம்மண்ணை உள்ளே ஊதியிருக்கும், மேசையில் விரலால் பேர் எழுதலாம், எழுதியும் இருப்பார்கள். கூரை மூலையில் குளவி கூடு கட்டியிருந்தால் வகுப்பை மரத்தடிக்கு மாற்றிவிட்டுத் தோட்டத்தில் விசயம் தெரிந்த ஆளைத் தேடுவோம். குளவி விளையாட்டுக் காரியம் இல்லை. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் ஆட்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

பிறகு இடாப்பு. பேர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பிள்ளையாக நிமிர்ந்து பார்த்தால், எல்லாருக்கும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். முன்பல் இரண்டும் விழுந்து "வந்துட்டேன்" என்பதைக் காற்றாகச் சொல்லும் பிள்ளை, கதிர்காமம் போய் மொட்டை போட்டு வந்து தொப்பியைக் கழற்ற மறுக்கும் பையன், கொழும்பில் அத்தை வீட்டில் இருந்துவிட்டு வந்து எதற்கெடுத்தாலும் "கொழும்புல அப்பிடி இல்ல மிஸ்" என்று சொல்லும் சின்னப் பெரியமனுசி. விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால் பாதிப் பேர் "நான் விறகு பொறுக்கினேன், தம்பியைப் பார்த்துக்கொண்டேன்" என்று இரண்டு வரியோடு நிறுத்துவார்கள். அதையே வாயால் சொல்லச் சொல்லுங்கள், மணி அடித்தாலும் முடிக்கமாட்டார்கள். அதனால் முதல் நாள் நான் எழுதச் சொல்வதில்லை. பேச விடுகிறேன், அது மொழிப் பாடம்தானே.

சேலை கட்டிக்கிட்டு மலை ஏற முடியுமா? அட்டை கடிக்காதா?

முடியும், பழகிவிட்டது. பஸ் இறங்கும் சந்தியில் இருந்து பாடசாலை வரை தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை, செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு பழைய சப்பாத்தோடு நடந்து, வாசலில் மாற்றிக்கொள்வேன். ஆகஸ்ட், செப்டம்பர் மண் காய்ந்து கிடப்பதால் அட்டை தலைகாட்டாது, ஒக்டோபர் மழையோடு திரும்பி வரும். அப்போது காலில் சவர்க்காரம் தடவிக்கொள்வோம், பையில் உப்புப் பொட்டலம் இருக்கும்.

ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டா அப்புறம் பொழுது எப்படிப் போகும்? போரடிக்காதா?

ஒன்றரைக்கு மணி அடிக்கும், உடனே எல்லாம் முடிந்துவிடாது. எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வேன். அதை முடித்து இறங்கினால் பஸ் வரும்வரை சந்திக் கடை. கடையில் பெரிதாக ஒன்றும் இருக்காது, கண்ணாடிப் பெட்டிக்குள் கிம்புலா பனிஸ், மீன் பனிஸ், வாழைப்பழச் சீப்பு, அவ்வளவுதான். கடைக்கார அண்ணன் கேட்காமலே பிளேன்டீ ஊற்றி, உள்ளங்கையில் வைத்து நக்கச் சீனி தருவார். தேத்தண்ணிக்குள் சீனியைக் கரைத்துக் குடிப்பவர்களுக்கு இந்த ருசி புரியாது, விளக்கவும் முடியாது.

காற்று உள்ள நாளில் பாடசாலைக்கு மேலே இருக்கும் புல்வெளியில் பட்டம் ஏறும். ஈர்க்கு, சொப்பிங் பேக், பழைய கொப்பித் தாள், சோற்றுப் பசை, அம்மாவின் பழைய சேலையில் கிழித்த வால். காசு கொடுத்து வாங்கிய பட்டம் ஒன்றாவது இருக்கும், அதுதான் முதலில் அறும். நூலைக் கையில் கொடுத்து "பிடிங்க டீச்சர்" என்று பையன்கள் ஓடிவிடுவார்கள், ஓடிப்போய் மரத்தில் சிக்கிய இன்னொன்றை எடுக்க. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நூலைப் பிடித்தபடி நிற்பேன். தெற்கே மலை சட்டென்று இறங்கிவிடுவதால் மேகமில்லாத நாளில் சமவெளி கடற்கரை வரைக்கும் தெரியும். யாராவது பெற்றோர் அந்த வழியாகக் கொழுந்துக் கூடையோடு போனால் சிரித்துவிட்டுப் போவார்கள். போரடிக்க நேரம் எங்கே.

வீடு வந்தால் மற்ற எல்லாரையும் போலத்தான். சமையல், தொலைபேசி, நாளைக்குத் துணி. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் லீக்ஸ், கரட், போஞ்சி பேரம் பேசி வாங்குவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. கொழும்புக்கு லொறி ஏறுவதற்கு முன்னால் இங்கேயே வாங்கும் கரட்டில் மண் ஒட்டியிருக்கும், கழுவி அப்படியே கடிப்பேன்.

மத்தியானச் சாப்பாடு என்ன அக்கா?

ரொட்டியும் கட்டச்சம்பலும். சோறு கொண்டு போன நாளும் உண்டு, ஆனால் ஆசிரியர் அறையில் ஐந்து டப்பா திறந்தால் முதலில் காலியாவது ரொட்டி டப்பாதான்.

ஊவா சீசன் தேயிலை உண்மையிலேயே வித்தியாசமா, இல்ல வெள்ளைக்காரனுக்கு விற்கிற கதையா?

உண்மையிலேயே வித்தியாசம். முதல் கேள்விக்குச் சொன்ன கச்சான் காற்றுதான் காரணம். ஈரமில்லாமல் காற்றும் வெயிலும் சேர்ந்து வாட்டும்போது செடி வேகமாக வளராது, வரும் கொழுந்தில் வாசனை திரண்டு நிற்கும். மெதில் சலிசிலேட் என்று ஒரு வாசனைப் பொருள், மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்குமே அதுதான், ஊவாத் தேயிலையில் இந்தக் காலத்தில் கூடுதலாக இருக்கும். குடித்து முடித்தபின் தொண்டையில் குளிர்ச்சியாக நிற்பது அதனால். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவின் சீசன். எங்கள் ஹட்டன், திம்புள்ளைப் பக்கம் மழை ஓய்ந்து காயும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல தேயிலை வரும்.

இதில் ஒரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்வதா தெரியவில்லை. அந்த நல்ல ரகம் பெட்டி கட்டிக் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். பறித்தவர்களுக்குத் தோட்டத்தில் மாதாமாதம் கிடைப்பது தூள். லயத்தில் எனக்கு ஊற்றித் தருவது அந்தத் தூளில் போட்ட சாயத்தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டு. நான் ருசி பார்த்த சீசன் தேயிலை பெக்டரியில் வேலை செய்யும் ஒரு தகப்பன் தந்த சின்னப் பொட்டலம்.

நீங்க இவ்வளவு ரசிக்கிற மாசம் பிள்ளைகளோட அம்மாமாருக்குக் கஷ்ட காலம்தானே? அது உறுத்தாதா?

உறுத்தும். இந்தக் கேள்வியைக் கேட்டது இங்கேயே பிறந்த ஒரு தங்கச்சி, அதனால்தான் இவ்வளவு குறியாகக் கேட்டிருக்கிறாள். மழையில்லாமல் காயும் காலத்தில் கொழுந்து குறையும். தோட்டம் கேட்கும் கிலோ எடுக்காவிட்டால் முழுப்பேர் (முழு நாள் சம்பளம்) விழாது, அரைப்பேர்தான். சீசன் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை போகும் அதே வாரத்தில் பறித்தவளின் கையில் காசு குறைவு. குடிதண்ணீர்ப் பீலியும் நூலாக ஒழுகும், அதற்கு வரிசை வேறு. மூன்றாம் தவணை முதல் வாரத்தில் கொப்பி இல்லாமல் வரும் பிள்ளைகள் ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். பாடநூலும் யூனிஃபோர்ம் துணியும் அரசாங்கம் தருகிறது, கொப்பிச் செலவு பெரும்பாலும் வீட்டின் தலையில்தான்.

அதற்காக நான் பட்ட நூலைப் பிடிக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. மலையகம் என்றால் ஒன்று படம் போட்ட சொர்க்கம், இல்லை கண்ணீர்க் கதை, இரண்டில் ஒன்றைத்தான் வெளியில் இருந்து வருபவர்கள் எதிர்பார்க்கிறார்கள். பட்டம் செய்யும் பையனின் அம்மாவுக்கு அன்று அரைப்பேர் விழுந்திருக்கும், பட்டத்துக்கு வால் கிழித்துக் கொடுத்ததும் அந்த அம்மாதான். என்னால் முடிவது, முதல் வாரம் கொப்பி இல்லாத பிள்ளையை எழுப்பி நிறுத்தாமல் இருப்பதும், அலுமாரியில் கொஞ்சக் கொப்பி வைத்திருப்பதும். யாருக்குக் கொடுத்தேன் என்று வகுப்புக்குத் தெரியாதபடி கொடுக்க வேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி.

லீவு முடிஞ்சும் வராத பிள்ளைகளை என்ன செய்வீங்க?

சின்னப் பிள்ளைகள் என்றால் காய்ச்சல், கோயில் திருவிழா, பாட்டி வீடு. ஒரு வாரத்தில் வந்துவிடுவார்கள். பயம் பெரிய வகுப்புப் பையன்கள் மேல்தான். ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பில் கடைக்கு உதவியாகப் போகிறேன் என்று போனவன் கையில் காசு பார்த்துவிட்டால் செப்டம்பரில் திரும்பி வரமாட்டான். சட்டப்படி 16 வயது வரை பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும், 2016இல்தான் அதை 14இல் இருந்து உயர்த்தினார்கள். ஆனால் சட்டத்தைச் சொல்லிக் கதவைத் தட்டினால் அந்தக் கதவு மறுபடி திறக்காது.

நாங்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பின்னேரம் லயத்துக்குப் போவோம். முதலில் சாயத்தண்ணி, பிறகு ஊர்க்கதை, பிறகுதான் பையன். அம்மாவிடம் பேசுவதைவிடச் சில வீட்டில் தாத்தாவிடம் பேசுவது பலன் தரும். முதலாளியின் தொலைபேசி இலக்கம் வாங்கிப் பாடசாலை அதிபர் பேசிய தடவைகளும் உண்டு. சிலர் திரும்பி வந்து சாதாரண தரப் பரீட்சை எழுதினார்கள். சிலர் தீபாவளிக்குப் புதுச் சேர்ட்டோடு வந்து பாடசாலை வாசலில் நின்று "எப்படி இருக்கீங்க டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு செப்டம்பர்ல ஊவாவுக்கு நியமனம் வரும் போல அக்கா, என்ன கொண்டு வரணும்?

வந்து இறங்கும்போது வெயிலைப் பார்த்து ஏமாறாதே. இரண்டாவது பதிலில் சொன்ன மழை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். குடையைவிட மழைக்கோட் நல்லது, காற்றில் குடை புரண்டுவிடும். ஸ்வெட்டர், டோர்ச், தண்ணீர் கொதிக்கவைக்கக் கேத்தல், கொப்பிகளை ஈரம் படாமல் வைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. சேலை மெல்லிசாக, சீக்கிரம் காய்வதாக இருக்கட்டும். முதல் நாளே தோட்டத்து ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கத்தை வாங்கிக்கொள், பஸ் வராத நாளில் அவர்தான் உன் அதிபர். அறை வாடகைக்கு எடுக்கும்போது தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதே.

பிள்ளைகள் முதல் வாரத்தில் உன்னிடம் பேசமாட்டார்கள், அடுத்த வாரம் நிறுத்தமாட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவு நாளாச்சு, இடமாற்றம் வாங்கிக்கிட்டு ஹட்டனுக்கே போகலாமே?

நினைப்பது போல சுலபம் இல்லை. அப்புத்தளை ஊவா மாகாணம், ஹட்டன் மத்திய மாகாணம். மாகாணப் பாடசாலைகள் அந்தந்த மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இருப்பதால் இங்கே விடுவிக்கவும் வேண்டும், அங்கே ஏற்கவும் வேண்டும். இங்கே விடுவிக்கக் கேட்டால் பதிலுக்கு ஆள் எங்கே என்பார்கள், அது நியாயமான கேள்வியும்தான். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆள் இல்லாமல் தவிக்கும் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவிலும் ஒரு ஆள் குறைந்தால் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைக்க வேண்டிவரும்.

அம்மாவுக்கு வயதாகிறது, அதனால் விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்பி வைத்திருக்கிறேன். அதிபரின் கையொப்பம் மட்டும் வாங்கவில்லை. இந்தத் தவணை தரம் மூன்றில் எழுத்துக்கூட்ட ஆரம்பித்திருக்கும் ஏழு பேர் இருக்கிறார்கள், டிசம்பருக்குள் அவர்கள் சரளமாக வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு படிவத்தை எடுப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். போன வருடமும் இதைத்தான் சொன்னாய் என்கிறார்.